சலவைக்காரி சொக்கியும் ஏழு கண் பாலமும்

முன்னொரு காலத்தில், ரொம்ப ரொம்ப முன்னால், இப்போது நாம் உட்கார்ந்திருக்கிற இடமெல்லாம் காடாகக் கிடந்த காலத்தில், தழையாறு என்று ஓர் ஆறு ஓடியது. அதன் கரையில் நாணற்குடி என்று ஓர் ஊர். கோடையில் அந்த ஆற்றைக் கன்றுக்குட்டி கூடக் கடந்துவிடும். ஐப்பசி பிறந்தால் மட்டும் ஆற்றுக்கு வெறி பிடிக்கும். பரிசலைக் கவிழ்க்கும், மாட்டை இழுக்கும், ஆளை விழுங்கும்.

அந்த நாட்டு ராசா ஒரு பாலம் கட்டினார். வெள்ளம் கொண்டுபோனது. மறுவருஷம் இன்னொன்று கட்டினார். அதையும் வெள்ளம் கொண்டுபோனது. மூன்றாம் வருஷம் கட்டியதை, கட்டின கொத்தனார்களோடு சேர்த்துக் கொண்டுபோனது. ராசா தலையில் கை வைத்துக் கரையில் உட்கார்ந்திருந்தபோது ஆற்றுக்குள்ளிருந்து ஒரு பூதம் எழுந்தது.

"ராசாவே, நான் கட்டித் தர்றேன். தண்ணி போக ஏழு கண் வச்சுக் கல்லாலே கட்டித் தர்றேன். கல்லு பேர்ந்தா நானே வச்சுக்கிறேன்."

"கூலி என்ன?" என்றார் ராசா.

"பொன்னு வேண்டாம், பொருள் வேண்டாம். இந்த ஊர்லே யாரும் தேடாத ஆள் யாரோ, அந்த ஆள் எனக்கு."

ஊர்க்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். நாணற்குடியில் ஒரு கோழி காணாமல் போனாலே நாலு தெரு தேடும். அப்படிப்பட்ட ஊரில் யாரும் தேடாத ஆளுக்கு எங்கே போவது? பூதத்தை ஏமாற்றிவிட்டோம் என்று நினைத்து, சரி என்றார்கள்.

பாலம் எழுந்தது. நூறு வருஷம் நின்றது. வெள்ளம் வந்து நாலு கல்லைப் பெயர்த்தால், விடிந்து பார்க்கும்போது நாலு கல்லும் இருந்த இடத்தில் இருக்கும். கொத்தனாரே வேண்டாத பாலம் என்று ஊருக்கு ஒரே பெருமை. யாரும் காணாமல் போனதாக யாருக்கும் நினைவில்லை. பாலத்தின் கண்களுக்குள் தண்ணீர் புகும்போது மட்டும் ஒரு சத்தம் வரும். 'தேடுவார் உண்டா, தேடுவார் உண்டா' என்று கேட்கிற மாதிரி இருக்கும். தண்ணீர்ச் சத்தம் என்பார்கள். ஆனாலும் அந்தச் சத்தத்தை நின்று கேட்டவர் ஒருவரும் கிடையாது.

அந்தப் பாலத்தடியில்தான் சொக்கி துணி வெளுத்தாள். ஊர்த்துணி முழுக்க அவள் கைக்கும் அவள் புருஷன் சடையன் கைக்கும்தான் வரும். எந்தத் துணி எந்த வீடு என்று தெரிய, ஒவ்வொரு வீட்டுத் துணியிலும் சேங்கொட்டைச் சாற்றால் ஒரு குறி போடுவார்கள். ஊர்த்தலைவரான அம்பலக்காரர் வீட்டுக்கு வட்டத்துக்குள் புள்ளி. எண்ணெய்க்காரர் வீட்டுக்கு இரண்டு கோடு. சொக்கியின் சொந்த வீட்டுக்கு மூன்று புள்ளி. சேங்கொட்டைக் குறி ஒரு பொல்லாத குறி. உவர்மண் போட்டுத் துவைத்தாலும் போகாது, வெள்ளாவிப் பானையில் வைத்து ஆவியில் அவித்தாலும் போகாது, துணி கிழிந்து மண்ணாகும்வரை கூடவே இருக்கும்.

சில துணிகளைக் கேட்டு ஒருவரும் வர மாட்டார்கள். கொண்டுபோய்க் கொடுத்தாலும் "எங்களது இல்லையே" என்பார்கள். ஊர்த்துணியை உடுத்திக்கொள்ளாத வெளுப்பவர் உண்டா என்று கேலி பேசுகிற உலகம் இது. ஆனால் சொக்கி புகுந்த வீட்டில் ஒரு வழக்கம். ஆள் வராத துணியைத் தொடக் கூடாது, மூட்டையில் கட்டி வைக்க வேண்டும். அவள் மாமியாருக்கு முன்னாலிருந்தே அந்த மூட்டை பரணில் இருந்தது.

ஓர் ஐப்பசியில் பெரிய வெள்ளம் வந்தது. மூன்றாம் கண்ணில் ஒரு கல் பெயர்ந்து போனது. மறுநாள் காலையில் அந்தக் கல் இருந்த இடத்தில் புதுக்கல் இருந்தது. ஊரே பார்த்துச் சந்தோஷப்பட்டது. சொக்கியும் பார்த்துவிட்டு, வெள்ளாவிப் பானையைத் திறந்து துணி எடுத்தாள்.

ஒரு வேட்டி எடுத்தாள், எண்ணெய்க்காரர் வீடு. ஒரு சேலை எடுத்தாள், அம்பலக்காரர் வீடு. ஒரு சின்னப் பாவாடை எடுத்தாள். ஆறு வயசுப் பெண்பிள்ளை கட்டுகிற பாவாடை. ஓரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மூன்று புள்ளி.

அவளுக்குப் பிள்ளையே கிடையாது. பாவாடை கையில் சுட்டது. வெள்ளாவிச் சூடு அல்ல அது.

"இங்கே வாங்க," என்று சடையனைக் கூப்பிட்டாள். "இது யாரோட பாவாடை?"

"யாருக்குத் தெரியும். அடுத்த வீட்டுதா இருக்கும்."

"நம்ம குறி போட்டிருக்கு."

"கை தவறிப் போட்டிருப்பே. நமக்கு ஏது புள்ள, சொக்கி? வேலையைப் பாரு."

சொக்கிக்குக் கை தவறியதே கிடையாது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். சேலையைத் தளர்த்தித் தன் வயிற்றைப் பார்த்தாள். அடிவயிற்றில் வெள்ளை வெள்ளையாக வரிகள் ஓடின. பெற்றவள் வயிற்றில் ஓடுகிற வரிகள். நேற்றும் முந்தாநாளும் அவை அங்கேதான் இருந்திருக்க வேண்டும். அவை எப்படி வந்தன என்று அவளுக்குத் தெரியவில்லை.

பரணில் ஏறி மூட்டையை இறக்கி அவிழ்த்தாள். ஒரு கலியாணக் கூறைச் சேலை. ஒரு கிழவரின் கோவணம். குட்டிக் குட்டிச் சட்டைகள் நாலு. வெற்றிலைக் கறை படிந்த துண்டு. நாற்பத்தொரு துணி. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு வீட்டுக் குறி. இத்தனை நாளும் துணியைத் தொலைத்தவர்கள் துணி என்றுதான் அவள் நினைத்திருந்தாள். தொலைந்தது துணி அல்ல என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது.

பூதம் செய்த சூது இதுதான், கேளுங்கள். யாரும் தேடாத ஆள் எனக்கு என்றதே தவிர, எப்படித் தேடாமல் போவார்கள் என்று அது சொல்லவில்லை. கல் பெயரும்போதெல்லாம் ஓர் ஆளை எடுத்து, கல்லாக்கி அந்த இடத்தில் வைத்துவிடும். ஆளை எடுக்கும்போதே அந்த ஆளின் நினைவையும் ஊரிலிருந்து எடுத்துவிடும். வீட்டில் கிடக்கிற செருப்பு, கிண்ணம், பாய் எல்லாவற்றையும் எடுத்துவிடும். வீட்டில் இல்லாமல் வெள்ளாவியில் வேகிற ஒரு துணியை மட்டும் பூதம் நினைத்துப் பார்க்கவில்லை.

சொக்கி மூட்டையைத் தூக்கிக்கொண்டு அம்பலக்காரர் நல்லப்பரிடம் ஓடினாள். அவர் அப்போதுதான் காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தார்.

"ஐயா, ஊர்லே ஆள் குறையுது. எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்தி எண்ணிப் பாருங்க."

நல்லப்பர் முகம் சுளித்தார். "என்ன பேச்சு பேசுறே சொக்கி? ஆட்டை எண்ணலாம், மாட்டை எண்ணலாம், ஆளை எண்ணலாமா? ஆயுசு குறைஞ்சிரும். நம்ம ஊர்லே யாரு அப்படி எண்ணியிருக்கா?"

"எண்ணாததுனாலதாங்க ஐயா தெரியாமப் போச்சு."

அவள் மூட்டையிலிருந்து வெற்றிலைக் கறைத் துண்டை எடுத்து விரித்தாள். ஓரத்தில் வட்டத்துக்குள் புள்ளி. "இது உங்க வீட்டுத் துண்டு. நீங்க வெத்தலை போடுறதில்லை. உங்க அப்பாரும் போட்டதில்லை. போட்டது யாருங்க?"

பரிமாறிக்கொண்டிருந்த அம்பலக்காரரின் மனைவி மெதுவாகச் சொன்னாள். "இவரு சாப்பிட உக்காரும்போதெல்லாம் பக்கத்திலே ஒரு ஆளுக்கு இடம் விட்டுத்தான் உக்காருவாரு. ஏன்னு கேட்டா, தெரியலைம்பாரு."

நல்லப்பர் தன் வலப்பக்கம் பார்த்தார். வெறும் தரை. ஓர் ஆள் உட்காருகிற அளவுக்கு வெறும் தரை. அவர் கையிலிருந்த கவளம் இலையில் விழுந்தது.

"போ சொக்கி," என்றார். "இதையெல்லாம் கிளறாதே. பாலம் இல்லாட்டி ஐப்பசியிலே இந்த ஊரு அழிஞ்சுபோகும்."

பயந்தவனைக் குறை சொல்லிப் பயனில்லை. பயம் யாரை விட்டது? சொக்கிக்கும் பயம்தான். ஆனால் அவள் வயிற்றில் வரி இருந்தது, அவள் என்ன செய்வாள்? மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு நேரே பாலத்துக்குப் போனாள். சடையன் "போகாதே, போகாதே" என்று பின்னாலேயே ஓடிவந்து பாலத்தின் கரைமுனையில் நின்றுவிட்டான். கரையில் கூட்டம் கூடியது.

உச்சி வெயில். சொக்கி நடந்தாள். முதல் கண் தாண்டினாள், இரண்டாம் கண் தாண்டினாள், மூன்றாம் கண்மேல் நின்றாள். கீழே தண்ணீர் கேட்டது. 'தேடுவார் உண்டா, தேடுவார் உண்டா.'

நூறு வருஷத்தில் ஒருவரும் சொல்லாத பதிலை அவள் சொன்னாள்.

"உண்டு. நான் தேடுறேன்."

தண்ணீர்ச் சத்தம் நின்றது. ஆறு ஓடிக்கொண்டிருந்தது, சத்தம் மட்டும் இல்லை. பாலத்தின் கைப்பிடிச் சுவரை அடியிலிருந்து இரண்டு கைகள் வந்து பற்றின. ஒவ்வொரு விரலும் உலக்கை கனம். முகம் மேலே வரவில்லை. குரல் மட்டும் கல்லுக்குள்ளிருந்து வந்தது.

"யாரைத் தேடுறே, பெத்தவளே?"

"என் புள்ளையை."

"தேடுறவளுக்கு மூணு கேள்வி. சொல்லிட்டா எடுத்துக்க. சொல்லலேன்னா நீயும் கல்லு. உன்னையும் ஒருத்தரும் தேட மாட்டாங்க. உன் புள்ள பேரென்ன?"

சொக்கி யோசித்தாள். எத்தனையோ பேர் வாயில் வந்தது. எதுவும் அவள் பிள்ளையின் பேர் இல்லை. "தெரியலை," என்றாள்.

பாதம் இரண்டும் குளிர்ந்து கல்லாயின. கரையிலிருந்து சடையன் "சொக்கி, வந்துரு சொக்கி" என்று கத்தினான்.

"உன் புள்ள முகம் எப்படி? மூக்கு எடுப்பா, சப்பையா? நிறம் கறுப்பா, மாநிறமா?"

அவள் கண்ணை மூடிப் பார்த்தாள். இருட்டுத்தான் தெரிந்தது. "தெரியலை."

முழங்கால்வரை கல் ஏறியது. சடையன் மறுபடி கத்தினான். "சொ… சொ…" என்று அவன் குரல் நடுவிலேயே நின்றுபோனது. அவளுக்குக் கேட்டது.

"உன் புள்ள குரல் எப்படி? உன்னை எப்படிக் கூப்பிடும்?"

"தெரியலை," என்றாள். அழுகை வந்துவிட்டது.

இடுப்புவரை கல் ஏறியது. கரையில் சடையன் பக்கத்தில் நின்றவனிடம் கேட்டான், சாதாரணமாக, வழிப்போக்கரைப் பற்றிக் கேட்கிற மாதிரி. "யாரப்பா அது, பாலத்து மேலே?"

பதினைந்து வருஷம் சேர்ந்து துணி பிழிந்தவன் கேட்ட கேள்வி அது. அதைவிடப் பயங்கரமான ஒன்றைச் சொக்கி கேட்டதே இல்லை. பூதம் சிரித்தது. பாலத்தின் ஏழு கண்ணும் அதிர்ந்தன.

"பேர் தெரியாது, முகம் தெரியாது, குரல் தெரியாது. அப்புறம் யாரைடி தேடுறே?"

சொக்கியின் கை இன்னும் கை. அந்தக் கையில் பாவாடை இருந்தது. வேறு எதுவும் அவளிடம் இல்லை. அவள் அதை விரித்தாள். இருபது வருஷமாக எந்தத் துணியை எடுத்தாலும் முதலில் செய்வதைத்தான் செய்தாள். அழுக்கைப் பார்த்தாள்.

"இந்தப் பாவாடைக்காரியைத் தேடுறேன்," என்றாள். "மடியிலே இடப்பக்கம் மட்டும் நாவல்பழக் கறை இருக்கு. நாவக்கறை வெள்ளாவிக்கும் போகாது. வலது கையாலே பாவாடையைப் பிடிச்சுக்கிட்டு இடது கையாலே பழத்தைப் போட்டிருக்கா. என் புள்ள இடது கைக்காரி."

பூதத்தின் விரல் ஒன்று சுவரிலிருந்து நழுவியது. சொக்கியின் இடுப்பில் கல் இளகியது. பாலத்தின் கல்மேல், அவளுக்குப் பத்தடி தள்ளி, ஈரமாக ஒரு சின்னக் காலடி விழுந்தது.

"பின்பக்கம் பச்சையா பாசி தேய்ஞ்சிருக்கு. படித்துறையிலே பாசி கிடையாது, நான் தேய்ச்சுத் தேய்ச்சு ஒரு பொட்டு வச்சதில்லை. பாசி இருக்கிறது இந்தச் சுவத்துலேதான். இதுமேலே உக்காந்து காலைத் தொங்கவிட்டுக்கிட்டு, கீழே நான் துணி துவைக்கிறதைப் பாத்திருக்கா. தினமும் பாத்திருக்கா. ஒரு நாள் உக்காந்தா இவ்வளவு பாசி ஒட்டாது."

இன்னொரு காலடி விழுந்தது, இன்னும் பக்கத்தில். முழங்காலில் கல் இளகியது. பூதத்தின் குரலில் இப்போது சிரிப்பில்லை. "கறையைச் சொல்லி யாரும் ஆள் கேட்டதில்லை. பேரைச் சொல்லு."

"கீழ்ஓரத்தை ரெண்டு மடிப்பு மடிச்சுத் தைச்சிருக்கு," என்றாள் சொக்கி. அவள் விரல் தையலைத் தடவிக்கொண்டே போனது. "இது என் தையல். நான் எப்பவும் கடைசி முடிச்சை ரெண்டு தடவை போடுவேன். அடுத்த வருஷம் ஒரு மடிப்பு பிரிக்கலாம், அதுக்கடுத்த வருஷம் இன்னொண்ணு பிரிக்கலாம்னு நினைச்சுத் தைச்சிருக்கேன். புள்ள வளருமேன்னு நினைச்சுத் தைச்சிருக்கேன். நான் நினைச்சது எனக்கு ஞாபகம் இல்லை. ஆனா நினைச்சிருக்கேன். அந்தப் புள்ளையைக் குடு."

அவள் பாதத்திலிருந்த கல் உதிர்ந்தது. மூன்றாம் காலடி அவள் காலருகே விழுந்தது. அதற்குமேல் வரவில்லை. காலடிமட்டும் ஈரமாக நின்றது, ஆள் இல்லை.

பூதம் இப்போது அவளிடம் பேசவில்லை. கரையைப் பார்த்துப் பேசியது.

"நாணற்குடி ஆளுகளே. ஒரு கல்லு போனா அடுத்த கல்லு நிக்காது. இந்த ஒருத்தியை விட்டா எல்லாக் கல்லும் உதிரும். பாலம் வேணுமா, ஆள் வேணுமா?"

கரையில் எல்லோரும் அம்பலக்காரரைப் பார்த்தார்கள். நல்லப்பர் பாலத்தைப் பார்த்தார், ஆற்றைப் பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினார். மூட்டையிலிருந்து வெற்றிலைக் கறைத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"பாலம் போனா பரிசல் இருக்கு," என்றார். "இந்தத் துண்டுக்காரன் யாருன்னு எனக்குத் தெரியாது. எனக்குப் பக்கத்திலே உக்காந்து சாப்பிட்டவன். அவனைத் தேடுறேன்."

எண்ணெய்க்காரர் வந்தார். கூறைச் சேலையில் இரண்டு கோட்டைப் பார்த்துவிட்டு "எங்க வீட்டுப் பொண்ணைத் தேடுறேன்" என்றார். ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கோவணத்தை எடுத்தவளுக்கு அதன் சொந்தக்காரரைத் தெரிய வழியே இல்லை, அவர் போய் எண்பது வருஷம் இருக்கும். குறி அவள் வீட்டுக் குறி. அது போதும் என்று எடுத்துக்கொண்டாள். கடைசியில் சடையன் வந்தான். சொக்கியைப் பார்த்து, "நீ யாருன்னு தெரியலைம்மா," என்றான். "ஆனா உன் கையிலே இருக்கிற பாவாடையிலே எங்க வீட்டுக் குறி இருக்கு. நானும் தேடுறேன்."

அவன் பாவாடையைத் தொட்டதுதான் தாமதம், "சொக்கி" என்று கூப்பிட்டுவிட்டான். சொக்கி அவன் தோளில் சாய்ந்துகொண்டாள்.

பத்து விரலும் சுவரை விட்டன. "ஓடுங்க, ஓடுங்க" என்று அம்பலக்காரர் விரட்ட, எல்லோரும் கரைக்கு ஓடினார்கள். பின்னால் ஏழு கண்ணும் ஒவ்வொன்றாக இடிந்தன. பூதம் செம்மண் நிறத் தண்ணீராகக் கலங்கி, தேடுவார் இல்லாத வேறொரு ஊரைத் தேடிக்கொண்டு கடலைப் பார்த்துப் போனது.

விழுந்த கல்லெல்லாம் தண்ணீரில் அசைந்தன. கல்லிலிருந்து கை முளைத்தது, தலை நிமிர்ந்தது. கிழவர் ஒருவர் இருமிக்கொண்டே எழுந்தார். ஈரப் பட்டோடு ஒரு கலியாணப் பெண் எழுந்தாள். வாயில் வெற்றிலையை அடக்கியபடியே ஒருவர் எழுந்து, "அண்ணே, என்ன இவ்வளவு கூட்டம்?" என்று கேட்டார். நல்லப்பர் ஆற்றுக்குள்ளேயே ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார்.

பிள்ளைகள் ஐந்து பேர் நடந்து வந்தார்கள். மூவர் பெண்பிள்ளைகள், ஏறக்குறைய ஒரே உயரம். சொக்கி மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு ஒரு முகமும் தெரியவில்லை. பூதத்திடம் நடுங்காத அளவுக்கு இப்போது நடுங்கினாள். சொந்தப் பிள்ளையை விட்டுவிட்டு வேறொரு பிள்ளையைத் தூக்கிவிடுவோமோ என்று பயந்தாள்.

நடுவில் வந்தவள் நேரே அவளிடம் வந்தாள். இடது கையை நீட்டினாள்.

"என் பாவாடையைக் குடும்மா. குளிருது."

சொக்கி மண்டியிட்டாள். "உன் பேரு என்னம்மா?"

பிள்ளையின் உதடு பிதுங்கியது. "என் பேரு உனக்குத் தெரியாதா?"

"தெரியலைடா கண்ணு. மறந்துட்டேன். நீதான் சொல்லணும்."

"பவளாயி," என்றாள் பிள்ளை, அழுதுகொண்டே.

அந்தப் பேர் காதில் விழுந்ததும் ஆறு வருஷமும் மொத்தமாக வந்து சொக்கியின்மேல் விழுந்தன. மழையில் பிறந்தது, முதல் பல், முட்டியில் பட்ட காயம், நேற்றுக் காலையில் "சீக்கிரம் வந்துர்றேம்மா" என்று சொல்லிவிட்டுப் பாலத்துப் பக்கம் ஓடியது. அவள் ஓவென்று அழுதாள். சடையனும் அழுதான். அழுதுகொண்டே மூவரும் ஈரத்துணியோடு வீட்டுக்குப் போனார்கள்.

பாலம் கட்டச் சொன்ன ராசாவின் கொள்ளுப்பேரன் விஷயம் கேள்விப்பட்டு வந்து, படித்துறையையும் அதை ஒட்டிய நிலத்தையும் சொக்கி குடும்பத்துக்கே எழுதிக் கொடுத்தான். ஊரார் தங்கள் கையாலேயே மறுபடி பாலம் கட்டினார்கள். ஒன்பது வருஷம் ஆனது. வெள்ளம் கல்லைப் பெயர்த்தால், பெயர்ந்த கல்லைத் தாங்களே தூக்கி வைத்தார்கள். இடுப்பு ஒடியும் வேலைதான். ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

பிள்ளை திரும்பி வந்த அன்றைக்கு வீட்டில் என்ன நடந்தது தெரியுமா? சொக்கி சோறு போட்டாள், "பவளாயி" என்றாள். தலை துவட்டினாள், "பவளாயி" என்றாள். அடுப்பங்கரைக்குப் போனாள், அங்கிருந்தும் "பவளாயி" என்றாள்.

"என்னம்மா வேணும்? ஏன் சும்மா சும்மா கூப்பிடுறே?" என்று பிள்ளை சலித்துக்கொண்டது.

"ஒண்ணுமில்லை. சும்மாதான்," என்றாள் சொக்கி.

அவர்கள் அங்கே சுகம், நாம் இங்கே சுகம். பூதம் மட்டும் இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறதாம். ஆகையால் எழுந்து போவதற்கு முன், உங்கள் வீட்டில் எல்லோரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.